அடுத்தவர் வசனம்

ஒத்திகை முடிந்ததும் நடிகர்கள் மேடை விளிம்பில் வரிசையாக உட்கார வேண்டும். எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு, யார் எங்கே சொதப்பினார்கள் என்று இயக்குநர் ஒவ்வொருவராகச் சொல்வார். சொல்லப்பட்டவர் 'நன்றி' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் மார்லிஸ். டுவேனின் வாயை அடைக்கவென்றே போட்ட சட்டம் அது. இப்போது அவன் நாற்காலியில் இருந்தான், அவள் விளிம்பில் இருந்தாள்.

“மார்லிஸ், ரெண்டாவது காட்சில வாளியத் தூக்கிட்டு வர்றியே, அது நெறைய பால் இருக்கு. நீ காலி வாளி மாதிரி ஆட்டிக்கிட்டு வர்றே.”

“நன்றி.”

“பண்ணைக்காரி மாதிரி நட. லைசன்ஸ் ஆபீஸ் கவுன்டர்ல ஆளத் திருப்பி அனுப்பப் போற மாதிரி நடக்காதே.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வட மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் வண்டி வைத்திருக்கும் அத்தனை பேரையும், ஏதோ ஒரு தாள் குறைகிறதென்று, லைசன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த மார்லிஸ் ஒரு தடவையாவது கவுன்டரிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தாள்.

“நன்றி,” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் அது வேறு ஏதோ சொல் மாதிரி கேட்டது.

பழைய தீயணைப்பு நிலையத்தைக் கெஞ்சி வாங்கி, இருவரும் சேர்ந்துதான் அந்த நாடகக் குழுவை ஆரம்பித்தார்கள். டுவேனின் இரும்புச் சாமான் கடையிலிருந்து பலகையும் ஆணியும் பெயின்ட்டும் வந்தன. மற்றதெல்லாம் தன் மூளையிலிருந்து வந்ததாக மார்லிஸ் நினைத்தாள். ஊர்க்காரர்கள் அவர்களைப் பழைய சிநேகிதர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் இருவரும் ஒருவருக்கொருவர் நல்ல வார்த்தை சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. அவள் இயக்குவாள், அவன் கதாநாயகனாக நடிப்பான், ஒத்திகை முடிந்ததும் அவள் அவனை எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கப்போடுவாள். 'நீ அழறியா, இல்ல தும்மல் வருதா?' என்று ஒரு தடவை கேட்டாள். அவன் காது மடல் சிவக்க 'நன்றி' என்றான். அப்படிச் சேர்ந்த நன்றிகளுக்கெல்லாம் இப்போது வட்டியோடு வசூல் நடந்துகொண்டிருந்தது.

'ஒரு மாறுதலுக்கு டுவேன் இயக்கட்டுமே' என்று இலையுதிர் காலத்தில் நிர்வாகக் குழு முடிவு செய்தது. முதல் நாள் நாடகம் எப்படிப் போகிறதென்று பார்த்துவிட்டு, இனிமேல் நாற்காலி யாருக்கு என்று தீர்மானிப்பார்களாம். விலகிக்கொண்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அதனால்தான் அவன் எடுத்த பண்ணைக் குடும்பத்து நாடகத்தில் தாய் வேடத்துக்கு ஒப்புக்கொண்டாள். இன்னொரு காரணமும் உண்டு. அவன் மண்ணைக் கவ்வுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டாள். அந்த நாற்காலி இல்லாவிட்டால் அந்தக் கவுன்டரைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

“கடைசியா ஒண்ணு,” என்றான் டுவேன். அவன் குரல் இனிமையாகிவிட்டது. “மக பேசறப்போ உன் வாய் அசையுது.”

“என்னது?”

“வாய். கோரின் வசனத்த நீயும் சேந்து முணுமுணுக்கறே. ஒரு வரி விடறதில்ல.”

“பொய்!”

“நன்றின்னுதானே சொல்லணும்? யாரு போட்ட சட்டம்? மறந்துபோச்சா மகராணிக்கு?”

மார்லிஸ் பக்கத்திலிருந்த கோரினைப் பார்த்தாள். மகளாக நடிக்கும் பெண். பகலில் முதியோர் விடுதியில் வேலை. நாடகத்துக்குப் புதிது. கோரின் தன் காலணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ஆமாங்க. மொத நாள்லேருந்தே. நான் ஒரு வார்த்தைய மாத்திட்டா உங்க மூஞ்சி சுருங்குது. உங்களப் பாத்துப் பேசறப்போ பரீட்சை எழுதற மாதிரி இருக்கு.”

மார்லிஸ் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை பாக்கி இருக்கு,” என்றான் டுவேன்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

கார் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவன் தொப்பிகூடப் போடாமல் வெளியே வந்தான்.

“விலகறதுன்னா இப்பவே சொல்லித் தொலை.”

“அதுதானே உனக்கு வேணும்?”

“எனக்கு வேணும்னா உன்ன எதுக்குப் போட்டேன்? இந்த வேஷத்துக்கு உன்ன விட்டா இந்த ஊர்ல ஆள் இல்ல. அது வேற என் வயித்தெரிச்சல்.”

“நான் வேணும்னே கெடுத்துட்டா என்ன செய்வே?”

“ஒண்ணும் செய்ய முடியாது. கெடுத்தேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “பனி வழுக்கும், சக்கரத்துக்கு சங்கிலி போட்டுட்டுப் போ. வழியில செத்துத் தொலைக்காதே, நாடகம் நின்னுபோயிடும்.”

வீட்டில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று கோரினின் வசனத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். உதடு நின்றது, புருவம் ஆட ஆரம்பித்தது. இத்தனை வருடமும் இருட்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எல்லாருடைய வசனத்தையும் அவள்தான் பேசியிருக்கிறாள். மேடையில் இருந்தவர்கள் அவளுக்கு வெறும் வாய்கள். அவமானமாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் டுவேன் என்பது அதைவிடக் கசந்தது. பிறகு மெதுவாக ஒன்று புரிந்தது. எதையும் கெடுக்க வேண்டியதில்லை. இருக்கிறபடியே இருந்தால் போதும். இவள் வாய் அசையும், கோரின் பயந்து உளறுவாள், அந்தக் காட்சி படுத்துவிடும், நாற்காலி தானாகத் திரும்பி வரும். அன்று நன்றாகத் தூங்கினாள்.

முதல் நாள் நாடகத்துக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. காபியும் எலுமிச்சைக் கேக்குமாக உள்ளே வந்தவர்கள் ஈர பூட்ஸைத் தரையில் தேய்த்துக்கொண்டேயிருந்தார்கள். முதல் பாதி சுமாராகப் போனது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நிர்வாகக் குழுவில் ஒருவர் கொட்டாவி விட்டதை மார்லிஸ் திருப்தியோடு கவனித்தாள்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. சமையலறை மேசை. தாய் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள். மாடுகளை விற்றுவிட்டதை மகள் சொல்ல வேண்டும். கோரின் உள்ளே வந்து நின்றாள். மார்லிஸின் உதட்டில் அவளுடைய முதல் வரி தயாராக இருந்தது.

கோரின் மார்லிஸின் வாயையே பார்த்தாள். அடிக்குக் காத்திருக்கும் பெண்ணின் முகம் அது. கீழ் உதட்டில் கடித்த புண் இருந்தது. எத்தனையோ ஒத்திகையில் எதிரே நின்றவளின் இந்த முகத்தை மார்லிஸ் இப்போதுதான் பார்த்தாள். 'இந்தப் பிள்ளையை என்ன பாடு படுத்தியிருக்கிறேன்' என்று தோன்றியது. அப்படித் தோன்றிய அந்த நேரத்தில், கோரினின் வரி அவளுக்கு மறந்துபோயிற்று. துடைத்துவிட்ட மாதிரி போயிற்று.

அசையாமல் நின்ற உதட்டைப் பார்த்ததும் கோரினுக்கு அது தெரிந்துவிட்டது. விறைத்திருந்த அவள் தோள் தளர்ந்து இறங்கியது.

“நாளைக்கு லாரி வருதும்மா,” என்றாள், மெதுவாக, இவளிடம் மட்டும் சொல்வதுபோல. “எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிடுவாங்க.”

 பூட்ஸ் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. கொட்டாவி விட்டவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஓரத் திரை மறைவில் டுவேன் நின்றான். அவன் சிரிக்கக்கூட இல்லை. வாயைத் திறந்துகொண்டு, நாடகம் பார்க்க வந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்காலி போயிற்று. இந்தக் காட்சி இப்படியே போனால் இனி அது அவனுக்குத்தான். ஒரு தடவை தொண்டையைக் கனைத்தால் போதும், உதட்டைக் கொஞ்சம் அசைத்தால் போதும், இந்தப் பெண் பழையபடி நடுங்கிப்போவாள். நாசமாய்ப் போவான் என்று அவனைச் சபித்தாள்.  பாதி சீவிய உருளைக்கிழங்கு விரலிலிருந்து நழுவி, மேசையில் உருண்டு, தரையில் விழுந்து, மேடை விளிம்பு வரை போய் நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கோரின் மறுபடி வாயைத் திறப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். மார்லிஸும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.