பின் அறைக்கு ஓர் ஆக்ஸஸ் பாயிண்ட்

கரடியூர் தமிழ்செல்வனின் பெண்டாட்டி சிவசக்தி சேலத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. சண்டை கிண்டை எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரிக் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கும் வேலை அவளுக்கு, வீட்டிலிருந்தே. "பின் ரூம்ல நெட்டே வர்றதில்லீங்க, வேலை போயிரும். நெட்டு சரியாச்சுன்னா வந்துடறேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அவனும் அதை அப்படியே நம்பினான். அவள் சொன்னதை நம்பாமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிற ஆள். மோட்டார் நின்றுபோனால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் சோற்றில் கை வைக்க மாட்டான். இந்தக் கோளாறும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. தினமும் சாயங்காலம் பின் அறை வாசலில் உட்கார்ந்து அவளோடு வீடியோவில் பேசுவான். மழை, மிளகு, அக்கா குழந்தைகளின் சேட்டை என்று பேச்சு நன்றாகவே போகும். "எப்ப சிவா வர்றே?" என்று கேட்டானோ இல்லையோ, அவள் முகம் திரையில் அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் லைனும் போய்விடும். இரண்டடிக் கருங்கல்லில் வீட்டை எவன் கட்டச் சொன்னான் என்று பாவம், அந்தச் சுவரைப் போட்டுத் திட்டுவான்.

கடைசியில், ஏற்காட்டில் நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் ஃபெபி என்ற பெண்ணிடம் போய் நின்றான். சேலத்துக் கடைக்காரர் ஒருவர் அவன் தலையில் கட்டப் பார்த்த, ஆறு கொம்பு முளைத்த பெட்டியின் படத்தைக் காட்டினான். ஃபெபி சிரித்துவிட்டாள்.

"இது கல்யாண மண்டபத்துக்கே போதுமேங்கண்ணா! எத்தனை கொம்பு இருந்தாலும் கல்லுச் சுவத்தைத் தாண்டாதுங்க. முன் ரூம் ரூட்டர்ல இருந்து ஒரு கேபிள் இழுத்து, பின் ரூம்ல சின்னதா ஒரு ஆக்ஸஸ் பாயிண்ட் மாட்டிரலாம். அது அந்த ரூமுக்குள்ளயே வைஃபை குடுக்குமுங்க, அதுக்குக் கரண்ட்டும் அந்தக் கேபிள்லயே போயிரும்."

இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்று மலிவு, ஆனால் சூடேறினால் தானே அணைந்து எழும். மற்றது விலை கொஞ்சம் கூட. மஞ்சக்குட்டையில் ஒரு வீட்டில் மாட்டி இரண்டு வருஷமாக மக்கர் பண்ணவில்லை. தமிழ்செல்வன் வேகத்தைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை.

"பேசறப்ப மூஞ்சி நிக்காம இருக்குமாம்மா?"

"நிக்கவே நிக்காதுங்கண்ணா."

இரண்டாவதையே வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபெபி வந்து அதைக் கூரையடியில் மாட்டினாள். பின் அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலோரம் புது மேஜையும் போட்டு வைத்திருந்தான். பூரிப்போடு சிவசக்தியைக் கூப்பிட்டு, போனைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் காட்டினான். அவள் முகம் அத்தனை தெளிவாக இருந்தது.

"நெட்டு சரியாயிருச்சு சிவா. எப்ப வர்றே?"

முகம் நின்றது. வாய் பாதி திறந்தபடி.

அவனுக்கு வந்ததே கோபம். "ஏம்மா ஃபெபி, நிக்காதுன்னியே!"

ஏணியை மடக்கிக்கொண்டிருந்த ஃபெபி வந்து தன் போனில் அளந்து பார்த்தாள். "ஃபுல்லா வருதுங்கண்ணா" என்றபடி அவன் திரையை எட்டிப் பார்த்தாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அப்புறம்தான் அவனும் பார்த்தான். சிவசக்தியின் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் துணி ஆடியது. அவள் மட்டும் அசையவில்லை.

எட்டு மாதமாக எத்தனை சாயங்காலம் இப்படி உட்கார்ந்திருந்தாளோ! கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்திருக்கிறாளே என்றுதான் தோன்றியது.

"மூச்சு உட்டுக்க சிவா" என்றான். "நான் கேக்கல."

அவள் இமைத்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"தெனமும் வந்துடலாம்னுதானுங்க நெனச்சேன். மனசு வரலீங்க. என்னை உட்டுருங்க."

"நான் என்ன தப்புப் பண்ணேன்? சொல்லு, சரி பண்ணிக்கறேன்."

"நீங்க ஒண்ணுமே பண்ணலீங்க. என்னை நொம்ப நல்லாத்தான் வெச்சிருந்தீங்க."

ஏதாவது ஒரு குறை சொல்லமாட்டாளா என்று அவன் காத்திருந்தான். இந்த லைன் போய்த் தொலையாதா என்று முதல் முறையாக ஏங்கினான். அவள் அழுவது அவனுக்கு நன்றாகத் தெரிந்துகொண்டே இருந்தது.