இதைவிட நல்ல பாகம்

வேலைக்காலம் முழுக்க ஊரார் பல்லில் துளை போட்டு அடைத்தவன் நான். ஓய்வு பெற்றதும் அலுமினியத் தகட்டில் துளை போட்டு ரிவெட் ஆணியால் அடைக்க ஆரம்பித்தேன். தகடு கத்தாது, விரலைக் கடிக்காது. மற்றபடி தொழில் ஒன்றுதான்.

வீட்டிலேயே பூட்டிக் கட்டிக்கொள்கிற விமானக் கிட் பெட்டி பெட்டியாக வந்தது. கையில் எடுத்தால் காகிதம் போல நெளிகிற தகடு. அதை எலும்புக்கூடு மாதிரியான சட்டத்தின் மேல் வைத்துத் தைத்து முடித்த அன்று, இறக்கையின் மேல் மெதுவாக உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தின் அத்தனை சீஸையும் சுமக்கிற என் உடம்புக்கு அது அசையக்கூட இல்லை. எழுந்து நின்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோவிலுக்குள் தெரியாமல் செருப்போடு வந்துவிட்டவன் மாதிரி இருந்தது. இதை நானா செய்தேன்? நானாக இருக்க முடியாது என்றுதான் உள்ளுக்குள் பட்டது. எல்லாக் கூத்தும் அங்கேதான் தொடங்கியது.

ஏனென்றால் ஓட்டப்போவது நானல்ல, என் மனைவி ஆர்டிஸ். உருளைக்கிழங்கு வயல்களுக்கு மருந்து தெளிக்கிற விமானத்தை மின்கம்பிக்கு அடியில் நுழைத்து எடுத்தவள். நான் கூரையோர மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்ய ஏணியில் ஏறினாலே அவள்தான் கீழே நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும்.

பறக்கத் தேவையானதெல்லாம் கிட்டிலேயே இருந்தது. ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் அதைவிட நல்லது ஒன்று உலகத்தில் எங்கோ விற்கிறது. முதலில் பிரேக்கை மாற்றினேன்.

"அந்தப் பழைய பிரேக்குக்கு என்ன ஆச்சு, நார்ப்?" என்றாள் ஆர்டிஸ். என் பெயர் நார்பர்ட்.

"ஒண்ணும் ஆகல. இது அதைவிட நல்லா நிக்கும்."

"இன்னும் பறக்கவே இல்லையே. நிக்கிறதுல நாம ஏற்கெனவே கெட்டிக்காரங்க."

பிறகு வால் சக்கரம். பிறகு விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடிக்குத் தாழ்ப்பாள். சீட் பெல்ட்டை இரண்டு முறை மாற்றினேன். இரண்டாவது, பந்தய விமானிகள் கட்டுவது. பார்சல் வண்டிக்காரருக்கு எங்கள் நாயின் பிறந்தநாள்கூடத் தெரியும் என்ற நிலை வந்துவிட்டது.

பனி உருகியதும் டெல்மரின் புல் ஓடுபாதைக்கு விமானத்தைக் கொண்டுபோனோம். டெல்மர் சோளம் போடுகிறவர். களஞ்சியத்தில் வைத்தே நான்கு விமானம் கட்டியவர். எங்கள் விமானச் சங்கத்தில் யார் புதிதாக ஒன்று கட்டினாலும் முதல் பறப்புக்கு முன் அவர் ஒரு பார்வை பார்க்க வேண்டும். அரசாங்க ஆய்வாளர் வந்து சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்டிஸ் சனிக்கிழமை என்று நாள் குறித்தாள்.

அந்த வாரத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த இறக்கையிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று திருப்புகிற வால்வைக் கழற்றிவிட்டு, அதைவிட நல்ல வால்வு ஒன்றை மாட்டினேன். 'டக்' என்று உட்காரும். என்ன ஒரு டக்! மாட்டி முடித்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை, ஓடுபாதை ஓரத்து விமானக் கொட்டகையில், டெல்மர் டார்ச்சோடு விமானத்துக்குள் தலையை விட்டார். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நட்டைச் சரியான அளவுக்கு முறுக்கியதும் அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று. கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. டெல்மர் தேடுவது கோட்டைத்தான்.

"என்ன டெல்மர், சொத்தை ஏதாவது இருக்கா?" என்றேன்.

கை மட்டும் வெளியே நீண்டு என்னைக் கூப்பிட்டது. உள்ளே குனிந்தேன். புது வால்வின் ஒரு நட்டில் கோடு இல்லை. டெல்மர் அதை இரண்டு விரலால் திருகினார். சுற்றியது.

ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட வெளியே கசிந்திருக்காது. பெட்ரோல் இருக்கும் இறக்கை கீழே, வால்வு மேலே. என்ஜின் உறிஞ்சும்போது அந்த இடுக்கு வழியாகக் காற்றுதான் உள்ளே போயிருக்கும். ஓடுபாதை முடிகிற இடத்தில், மரங்களுக்கு மேலே, என்ஜின் இருமி நின்றுபோயிருக்கும்.

சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

டெல்மர் டார்ச்சை அணைத்தார். "மத்த எல்லா நட்டும் பார்த்தாச்சு. ஒரு குறை இல்ல. டாக்டரே, நல்ல பல்லோட ஒருத்தன் உன் கிளினிக்குக்கு வந்தா என்ன செய்வ?"

"வீட்டுக்கு அனுப்புவேன்."

"பழைய வால்வுல என்ன கோளாறு?"

ஆர்டிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். வந்து என் பக்கத்தில் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு வாங்குறேன்னு பிரேக்கு வந்த அன்னைக்கே தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"பார்சல் வந்தா நீ நல்லாத் தூங்கினே. நானும் தூங்கினேன்."

"ஆர்டி, நான் பல் டாக்டர். நான் செஞ்சது உன்னோட கீழ விழுந்தா..."

"மருந்து தெளிச்சப்போ அந்த விமானத்தை யார் செஞ்சாங்கன்னே எனக்குத் தெரியாது. ஏறி உட்கார்ந்து ஓட்டினேன். இதுல நீ ஒவ்வொரு ரிவெட்டா அடிச்சப்போ மறுபக்கம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிச்சிட்டு இருந்தது யாரு? நீ மட்டும் செஞ்சதுன்னு பெருமை அடிச்சுக்காத."

நான் அப்படி யோசித்ததே இல்லை. பயத்திலும் கர்வம் உண்டு போலிருக்கிறது.

"அடுத்த வாரம் புது புரொப்பெல்லர் வருது" என்று ஒப்புக்கொண்டேன்.

"இப்ப இருக்கிறதுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"வரட்டும்" என்றார் டெல்மர். "மாட்டி வைக்க எங்க வீட்டு வரவேற்பறைச் சுவர் காலியா இருக்கு."

அந்த நட்டை முறுக்க, அளவு சொல்லும் ஸ்பேனரை நான்தான் எடுத்தேன். அளவு வந்ததும் அது கையில் சொடுக்கியது. டெல்மர் சரிபார்த்தார். ஆர்டிஸ் ஆரஞ்சுக் கோட்டை இழுத்தாள். வாலைக் கயிற்றால் கட்டி, என்ஜினை முழு வேகத்தில் முடுக்கி, டெல்மர் தலையாட்டுகிறவரை ஓடவிட்டோம். இருமவில்லை. டெல்மரின் மனைவி கொட்டகை வாசலில் எல்லோருக்கும் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு இறங்கவில்லை, மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

"போகட்டுமா?" என்றாள் ஆர்டிஸ், ஏறி உட்கார்ந்து பெல்ட்டைக் கட்டியபடி.

அவள் என்னிடம் அனுமதி கேட்கிறவள் இல்லை. கேட்டாள். நான் கண்ணாடி மூடியை இறக்கிவிட்டேன்.

புல்லில் அது குதித்துக் குதித்து ஓடியது. ஒவ்வொரு குதிப்பிலும் எனக்கு ஒரு பாகத்தின் பெயர் நினைவுக்கு வந்தது: வால் சக்கரம், தாழ்ப்பாள், வால்வு, அந்த நட்டு. பிறகு ஒரு குதிப்பு கீழே இறங்கவே இல்லை.

அவ்வளவுதான். யாரும் தூக்கவில்லை, ஒன்றும் தள்ளவில்லை. புல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது, அது அகலமாகிக்கொண்டே போனது. எங்கள் காரேஜில், புல்வெட்டும் இயந்திரத்துக்கும் கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகளுக்கும் நடுவில் நின்ற சாமான், மரங்களைத் தாண்டிப் போனது. பெட்டியில் வந்தபோது நெளிந்த தகடு, இப்போது ஆகாயத்தைத் தன்னுடைய இடம் என்று நினைத்துக்கொண்டு போகிறது.

அவள் வளைந்து தலைக்கு மேலே வந்தாள். வெயில் இறக்கையில் பட்டது. நான் தேடித்தேடி வாங்கிய பாகம் ஒன்றுகூடக் கீழேயிருந்து தெரியவில்லை. பிரேக்கும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஒரு சின்ன வெள்ளிப் பறவை, அதற்குள் என் மனைவி. கையில் பிடிக்க முடியாத எதையோ நாங்கள் கையால் செய்திருந்தோம்.

டெல்மர் கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. "எண்ணெய்ச் சூடு சரி. அழுத்தம் சரி. நார்ப் நிக்கிறானா, உட்கார்ந்துட்டானா?"

"நிக்கிறான். அழறான்" என்றார் டெல்மர், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

"அது பான்கேக் புகை" என்றேன்.

இரண்டு சுற்றுக்குப் பின் இறங்கினாள். சக்கரம் புல்லைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. ஓடிவந்து எங்கள் முன்னால் நின்றாள். என்ஜினை அணைக்கவில்லை. மூடியை ஒரு கை அளவுக்குத் திறந்து, காற்றில் பறக்கிற நரைமுடியோடு என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"இன்னொரு தடவை போய்ட்டு வரேன்."

இந்தமுறை கேட்கவில்லை. நான் பின்னால் நகர்ந்து அவளுக்கு வழி விட்டேன்.