படப் பக்கத்துக்கு ஒரு தனி அறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் அக்கா உபால்டா இன்றைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து, சூப்பில் உப்பு போதவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அதனால் பயமில்லாமல் கேளுங்கள்.

சிலி நாட்டில் எங்கள் சிலோவே தீவில் சுவர் மரம், கூரை மரம், அடுப்பும் விறகடுப்பு. தீயணைப்புப் படையில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஒருவர் கறிக்கடைக்காரர், இன்னொருவர் படகோட்டி. யாஸ்னா பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். நிலையத்துச் சங்கு ஊதினால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார்கள். ஊதாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். அவசர அழைப்பு வந்ததும் அந்தச் சங்கை ஊதவைப்பது நிலையத்தில் இருக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

படைக்கு நூறு வயது நிறைந்தது. பழைய வீரர்களின் படங்களை ஊரார் அனுப்புவதற்கு ஓர் இணையப் பக்கம் வேண்டும், விழாவில் திரையில் காட்டலாம் என்றார் கேப்டன் ரெமிஹியோ. வேறு கம்ப்யூட்டர் ஏது? சங்கு இருக்கும் அதே பெட்டிக்குள்தான் படப் பக்கமும் குடியேற வேண்டியிருந்தது.

யாஸ்னா அந்தப் பக்கத்துக்கென்று ஒரு தனிப் பயனர் கணக்கை உண்டாக்கினாள். அந்தப் பெயரில் உள்ளே நுழைந்து வேலை செய்ய யாராலும் முடியாது. பெட்டிக்குள் தனக்கென ஒதுக்கிய அறையைத் தவிர வேறெதுவும் அதன் கண்ணில் படாது. கம்ப்யூட்டரின் நினைவகத்திலும் வேகத்திலும் இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அளவும் வைத்துவிட்டாள். கேப்டனுக்குச் சிரிப்பு.

"ஏம்மா, ஒரு பேஜுக்குத் தனி ஆளு, தனி ரூமா? அதென்ன தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையா?" அவர் தம் மொழியில் சொன்னதற்கு அதுதான் பொருள்.

"முன்னப்பின்ன தெரியாத விருந்தாளி கேப்டன். ஹால்ல உக்காரட்டும். பீரோ சாவி எதுக்கு?"

"தீயணைப்புக்காரன் வீட்ல எவன் கைவைப்பான்? திருடன்கூட நம்ம உண்டியல்ல காசு போட்டுட்டுத்தான் போவான். பாஸ்வேர்டையும் மாத்திட்டியாமே?"

"படை ஆரம்பிச்ச வருஷத்தையே பாஸ்வேர்டா வச்சிருந்தோம். அதை வண்டிக் கதவுலயும் ஆளுயரத்துக்கு எழுதி வச்சிருக்கோம்."

விழா சனிக்கிழமை. நிலையத்துக் கூடத்தில் நான் ஒரு கூடை வெண்ணெய்ப்பழத்தை மசித்துக்கொண்டிருந்தேன். சாஸேஜ் வைத்த ரொட்டிக்கு அது இல்லாமல் எங்கள் ஊரில் விருந்தே கிடையாது. காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. யார் படம் அனுப்பினாலும் 'அனுமதி இல்லை' என்று திரும்பி வந்தது.

"எம் மாமியாரே திட்டுறாங்க," என்றார் கேப்டன். "எல்லாக் கதவையும் திறந்து விட்டுரு யாஸ்னா. சாயங்காலம் பூட்டிக்கலாம்."

"போவுது விடேன், ஒரு நாள்தானே," என்று நானும் ஒத்து ஊதினேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

"எந்தக் கதவு தடுக்குதுன்னு பாக்க எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க. அதை மட்டும் திறக்கிறேன்."

"பத்து நிமிஷம். அப்புறம் நானே திறந்துருவேன், சொல்லிட்டேன்."

எட்டாவது நிமிடத்தில் கண்டுபிடித்தாள். படங்களைப் போட்டுவைக்கும் ஒரு கோப்புறையில் மட்டும் எழுத அனுமதி கொடுத்தாள். வேறொன்றையும் தொடவில்லை. படங்கள் வர ஆரம்பித்தன. கேப்டன் வெங்காயம் நறுக்கப் போனார்.

மதியம் ஒரு மணி இருக்கும். திரையில் மீசை வைத்த முதல் கேப்டன் நின்ற இடத்தில், பல்லிளிக்கும் முகமூடி ஒன்று வந்து உட்கார்ந்தது. அடுத்த படம், முகமூடி. அதற்கடுத்ததும் முகமூடி. எவனோ படம் என்ற பெயரில் ஒரு திருட்டு நிரலை அனுப்பி, படத்தைச் சிறிதாக்கும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்துவிட்டான்.

கேப்டன் கையில் கத்தியோடு வெளிறிப்போய் நின்றார். "சங்கு? யாஸ்னா, சங்கு என்னாச்சு?"

அவள் விசைப்பலகையைத் தொட்டுக்கூட இருக்கமாட்டாள், அதற்குள் சங்கு ஊதியது.

"ஐயோ, அவன்தான் ஊதுறானா?" என்றார் கறிக்கடைக்காரர்.

யாஸ்னா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இல்ல. நெஜமான அழைப்பு. ஓர்ஃபெலினா அக்கா... உங்க வீடு."

நடக்க முடியாத என் அக்கா உபால்டா வீட்டில் தனியாக இருந்தாள். அடுப்பின் புகைக்குழாய் பற்றிக்கொண்டதும் கட்டிலருகே இருந்த போனை எடுத்திருக்கிறாள். இருபது பேர் ஓடினார்கள், கையில் கடுகுச் சாந்தோடு, காகிதத் தொப்பியோடு. நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. போனபோது குழாயும் கூரையில் நான்கு பலகையும் கருகியிருந்தன, அவ்வளவுதான். அக்காவை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்திருந்தார்கள்.

"பொம்மை மாதிரி தூக்கிட்டு வந்தானுங்க," என்றாள். "உன் கையெல்லாம் என்னடி பச்சையா?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நல்ல அழுகை.

அக்காவையும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பியபோது யாஸ்னா படப் பக்கத்தை நிறுத்தியிருந்தாள். திருடன் போன தடங்களைத் திரையில் காட்டினாள். சங்கின் அறையைத் தட்டியிருக்கிறான்: அனுமதி இல்லை. பெட்டியின் தலைமைச் சாவியைக் கேட்டிருக்கிறான்: அனுமதி இல்லை. மொத்தப் பெட்டியையும் திணறடிக்கப் பார்த்திருக்கிறான். அவள் வைத்த அளவோடு நின்றுவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு வரி. காலையில் ஊரே திட்டிய அதே இரண்டு சொல்.

கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லா வரியையும் படித்தார். அவசரப்படவேயில்லை.

"தலைமைச் சாவி எங்கிட்டயும் ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு கேப்டன்."

"எடுத்துரு. எனக்கும் ஒரு சின்ன ரூம் போட்டுக் குடு. வருகைப் பதிவேடு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"நெஜமாவா?"

"காலையில ரெண்டு நிமிஷம் தள்ளியிருந்தா நான் என்ன பண்ணிருப்பேன்னு எனக்குத் தெரியும்மா. எடுத்துரு."

அவர் கண்ணெதிரிலேயே எடுத்தாள். சங்கு அறையைத் திறக்க அவரே ஒரு தடவை முயன்று பார்த்தார். அனுமதி இல்லை என்று வந்தது. மனிதருக்கு அப்படி ஒரு சிரிப்பு.

நான் மசித்து வைத்த வெண்ணெய்ப்பழம் அதற்குள் கறுத்துப் போயிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை, வழித்துச் சாப்பிட்டோம். அக்கா மட்டும் உப்பு போதவில்லை என்றாள்.