சிகாமட்டில் பிறந்த அலறல்

1972இல் மலேசியாவின் சிகாமட்டில் மூன்று பேர் ஒரு ராக் இசைக்குழு நடத்தினார்கள். ரபேல் கிட்டார், சிறீகாந்தன் டிரம்ஸ், ஜெரால்டின் பாட்டு. முந்தைய வருட வெள்ளத்தில் நனைந்த ஆம்ப்ளிபையர் ஓயாமல் உறுமியது. மைக் ஷாக் அடித்தது. அடிக்கும்போதெல்லாம் ஜெரால்டின் அலறினார். நாலு கச்சேரிக்குள் ஷாக் இல்லாமலே அலறுவது அவருக்குப் பிடித்துப்போனது.

ஐந்தாவது கச்சேரியில், தேவாலய மண்டபத்தில், பாதியிலேயே அவர்களை மேடையை விட்டு இறக்கினார்கள். சிறீகாந்தன் தன் அப்பாவிடம், "அந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சட்டம் படிக்கப் போனார். குழு கலைந்தது. ஜெரால்டின் மருத்துவமனையில் தாதியானார்.

ஐம்பது வருடம் கழித்து ஒலிவர் என்ற லண்டன் ஆராய்ச்சியாளர் கையில் அவர்களுடைய ஒலிநாடா ஒன்று சிக்கியது. பிரிட்டனில் கத்தலும் கோபமுமான பங்க் இசை வருவதற்கு நாலு வருடம் முன்பே அது சிகாமட்டில் பிறந்துவிட்டது என்று எழுதினார். ஆம்ப்ளிபையரின் உறுமலை ஏகாதிபத்திய எதிர்ப்பு என்றார். அலறுவது கோபக்கார இளைஞன் என்றும் முடிவு செய்தார். ரபேல் இறந்திருந்தார். அலறியது யார் என்று ஒலிவர் சிறீகாந்தனிடம் கேட்டார்.

"நாந்தான்" என்றார் சிறீகாந்தன், மிகுந்த அடக்கத்தோடு.

ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ச் சங்கம் சிறீகாந்தனுக்குப் பாராட்டு விழா வைத்தது. சால்வை போர்த்தும் நேரத்தில், மூன்றாம் வரிசையில் இருந்த ஜெரால்டின் எழுந்து மேடைக்குப் போனார்.

"சிறீ, அது என் குரல் லா."

சிறீகாந்தன் மைக்கைக் கையால் மூடினார். "விழா நல்லா போய்ட்டிருக்கு, ஜெரால்டின். உங்களுக்கும் ஒரு சால்வை போடச் சொல்றேன்."

"சால்வை வேணாம். மைக்க குடுங்க."

வாங்கி, எழுபத்தொரு வயதுத் தொண்டை கிழிய அலறினார். சங்கத் தலைவர் தேநீரை வேட்டியில் கொட்டிக்கொண்டார். மேடையில் இருந்த ஒலிவர் ஹெட்ஃபோனில் நாடாவை ஒருமுறை கேட்டுவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். இது வெறும் நடிப்பு, நாடாவில் இருப்பது அசலான ஆண் கோபம் என்று ஆங்கிலத்தில் தீர்ப்பளித்தார். சபை கைதட்டியது. சால்வை சிறீகாந்தன் தோளில் ஏறியது.

ஜெரால்டின் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். தொண்டை சுகமாக இருந்தது.

வாசலில் ஒரு பெண் ஓடிவந்தாள். ஷர்மினி, சிங்கப்பூரில் வேலை, வார இறுதியில் பக்கத்து ஸ்கூடாயில் பெண்கள் மட்டும் உள்ள பேண்ட்.

"ஆண்ட்டி, எங்களுக்குப் பாட ஆளில்ல. சனிக்கிழமை வர முடியுமா?"

"எத்தன மணிக்கு?"

ஒலிவரின் புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் சிறீகாந்தன் சிரிக்கிறார். ஸ்கூடாயில் பேண்ட் ஒத்திகை நடக்கும் மாடிக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர், ஒரு அம்மாவின் அலறல் தாங்கவில்லை என்று இரண்டு புகார்க் கடிதம் எழுதிவிட்டார். ஜெரால்டின் இரண்டையும் பிரதி எடுத்து சிறீகாந்தனுக்கு அனுப்பினார்.