செங்கல் சூளையில் ஒரு நிமிடம்

படம் பிடிக்கும் பெட்டிக்காரருக்கு சினிமாக் கொட்டகை முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஜனங்க பாக்கற மாதிரி ஒரு படம் வரணும். இல்லைன்னா என் கேமராவைத் திருப்பிக் குடுத்துடுங்க." கையில் இருந்ததோ இரண்டு சுருள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்தான் ஓடும்.

இந்த மனிதர் ராஜா ராணி வேஷம் போட்டு எடுப்பதையெல்லாம் விட்டுவிட்டு, செங்கல் சூளையில் வேலை நடப்பதை அப்படியே எடுக்கக் கிளம்பினார். அங்கே அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

முதல் சுருள் பாழ். அவர் கைப்பிடியைச் சுழற்றியதும் சூளைப் பெண்கள் ஆளுக்கொரு செங்கல்லோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டூடியோ போட்டோதான். "வேலையைப் பாருங்கம்மா" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். "அசைஞ்சா கெட்டுடும்ங்க" என்றார் மேஸ்திரி, உதடு அசையாமல்.

பெட்டியில் சுருள் மாட்டுவது, படம் கழுவுவது எல்லாம் அவர் மனைவிதான். பாழான சுருளையே மாட்டித் தரச் சொல்லி, தினமும் சூளைக்குப் போய்ச் சும்மா சுழற்றினார். அவர்கள் பழகட்டும், வியாழக்கிழமை நல்ல சுருளை மாட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

புதன்கிழமை அவரை யாரும் சீந்தவே இல்லை. வரிசையில் செங்கல் கைக்குக் கை பறந்தது. ஒருத்தி பிடிக்காமல் விட்டாள். மேஸ்திரியின் கால் விரலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அவர் துள்ளிய துள்ளலில் வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. உள்ளே இருப்பது பாழான சுருளாச்சே என்று, சுழற்றிக்கொண்டே பெட்டிக்காரர் நொந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் தொப்பென்று வைத்தார். "எல்லாம் போச்சு. இன்னிக்கு நடந்தது இனி ஜென்மத்துக்கும் நடக்காது."

"நல்ல சுருளைத்தான் காலையில மாட்டினேன்" என்றாள் மனைவி.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க மூஞ்சி போட்டோவுக்கு நிக்கற மாதிரி ஆயிடும். அன்னிக்கு உங்களப் பாத்துத்தான் அவங்களும் விறைச்சுப் போனாங்க."

மறுநாள் காலை அவள் கழுவி உலர்த்திய சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பெண்களின் கைகளுக்கு நடுவே ஒரு செங்கல் அந்தரத்தில் இருந்தது. அடுத்த படக் கட்டத்தில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே எந்தச் சுருள் மாட்டியிருக்கன்னு எங்கிட்ட சொல்லவே சொல்லாத" என்றார்.