ஏழு ஞாயிறு பார்த்த ஆறு

லிஃப்ட் பரிசோதிக்கிறது என் வேலை. கயிறு, பிரேக், கதவு எல்லாத்தையும் பார்த்து நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஆள் ஏறலாம். இருபத்திரண்டு வருஷமா அந்தத் திமிரோடதான் நடந்துக்கிட்டு இருந்தேன்.

எங்க வீட்டு மாடியில குடியிருக்கிற என் கூடப்பிறந்த அண்ணன் பஸ் டிரைவர். கண்ணழுத்தம் வந்து வண்டியை விட்டு இறக்கிட்டாங்க. ஆறு மாசம்தான் பார்வை தாங்கும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, ஆஸ்பத்திரிப் படியிலேயே நின்னுட்டான்.

"பாலத்து மேல எத்தனை ஆயிரம் தடவை பஸ் ஓட்டியிருப்பேன்! ஒரு தடவைகூட ஆத்தைத் திரும்பிப் பார்த்ததில்லடி. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியுமா? பார்வை இருக்கும்போதே ஒரு நாள் ஆத்துல கயாக் படகுல போயிட்டு வரலாமா?"

"அவ்வளவுதானே, என்கிட்ட விடு"ன்னேன்.

படகுத்துறையில ரெண்டு பேர் உட்கார்ற கயாக் வாடகைக்குக் கிடைக்கும். எடுத்தோமா, போனோமான்னு இருந்திருக்கலாம். நான் அப்படிப்பட்டவளா? முதல் ஞாயிறு கரையோரமா நடந்து சுழலையெல்லாம் ஒரு வரைபடத்துல குறிச்சேன். அடுத்த ஞாயிறு தடுப்பணை. அப்புறம் பாறை, அப்புறம் கரையேற வேண்டிய இடம். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பான்.

"நானும் வரேன்டி."

"சோதனை முடியாம ஆளை ஏத்துற வழக்கம் என்கிட்ட கிடையாது. போய் உட்காரு."

"அம்மா தாயே, ஆத்துக்கும் சர்ட்டிஃபிகேட் குடுப்பியா?" சிரிச்சுக்கிட்டேதான் செருப்பைக் கழட்டுவான். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கல, மரமண்டை.

லைஃப் ஜாக்கெட்ல கொக்கி லூஸுன்னு ஒரு வாரம் தள்ளினேன். காத்து ஜாஸ்தின்னு இன்னொரு வாரம். அப்படியே ஏழு ஞாயிறு ஓடிடுச்சு.

நேத்து சாயங்காலம் சாப்பாட்டு மேசையில வரைபடத்தை விரிச்சேன். ஆபத்தான இடத்துக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு, பார்க்கவே பெருமையா இருந்துச்சு. "எப்படிண்ணா இருக்கு?"

"பிரமாதம்!"னு விரலால தடவிப் பார்த்தான். விரல் ஓடினது மேசை விரிப்பு மேல. வரைபடம் ஒரு சாண் தள்ளிக் கிடந்துச்சு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "எப்பலேர்ந்துண்ணா?"

"பத்து நாளாச்சு. வெளிச்சம் மட்டும் தெரியுது. டாக்டர் கணக்குக்கு முன்னாடியே வந்துடுச்சு, அவ்வளவுதான். நீ இவ்வளவு மெனக்கெடறப்போ சொல்ல மனசு வரல. உன் அண்ணிகிட்டயும் உனக்குச் சொல்ல வேண்டாம்னுட்டேன்."

அழுதேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவனை இல்ல, என்னை. அந்த ஏழு ஞாயிறுல ஒரே ஒரு நாள் கையைப் பிடிச்சுக் கரைக்காவது கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா நான்?

"சீ, கண்ணைத் துடை. துடுப்புப் போடக் கண்ணு எதுக்கு? நாளைக்கே போவோம். நீதான் பார்த்திருக்கியே, ஆறு எப்படி இருக்கும்னு சொல்லு."

சொன்னேன். தடுப்பணைக்கு முன்னாடி இடது பக்கம் சுழல். பாலத்துக்குக் கீழ கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு. வளைவுல ரெண்டு பாறை, தண்ணிக்குள்ள மறைஞ்சிருக்கும்.

பொறுமையாக் கேட்டான். "அதெல்லாம் சரி. தண்ணி என்ன நிறம்?"

வாயைத் திறந்தேன். பச்சையா? பழுப்பா? எவ்வளவு யோசிச்சும் வரல.

"தெரியலண்ணா"ன்னேன்.