மாலிக்கின் புருவங்கள்

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மாலிக் நின்றிருந்தான். செலீனா அவனிடம் என்னவோ கேட்டாள். அவன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு புருவங்களையும் மேலே தூக்கி இறக்கினான். அவளும் சிரித்துக்கொண்டே தன் புருவங்களைத் தூக்கினாள். வெளியே காருக்குள் இருந்து அவள் கணவர் கிறிஸ்துநாயகம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டென்மார்க்கின் இந்தக் கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது. செலீனாவுக்கு லைசென்ஸும் இல்லை. அதனால் முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவள் வேலை முடிகிற நேரத்துக்கு அவர்தான் வந்து நிற்பார். புருவ விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. மன்னாரில், கோயில் பெருநாளன்று, சொரூபத்துக்குப் பின்னால் போன கூட்டத்துக்குள் செலீனாவைப் பார்த்து அவர் தூக்கியதும் புருவத்தைத்தான். அவள் தலையைக் குனிந்தாள்; அடுத்த வருஷம் கலியாணம். ஓர் ஆண் ஒரு பெண்ணைப் பார்த்துப் புருவம் தூக்கினால் அதற்கு வேறு அர்த்தம் உண்டென்று அவர் கேள்விப்பட்டதே இல்லை.

மாலிக் வேலைக்கு வந்த புதிதில், பெயரை வைத்துப் பாகிஸ்தான்காரன் என்று நினைத்தார். முகத்தைப் பார்த்ததும் நேபாளம் என்றார். கிரீன்லாந்து என்று செலீனா சொன்னபோது நம்பவில்லை. பள்ளிக்கூடத்து வரைபடத்தின் உச்சியில் கிடந்த அந்தப் பெரிய வெள்ளை நாட்டில் ஆட்கள் இருப்பார்கள் என்று அவர் யோசித்ததே கிடையாது. செலீனாவோ இரவுச் சாப்பாட்டோடு அந்த நாட்டையும் சேர்த்துப் பரிமாறத் தொடங்கினாள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ரோட்டே இல்லையாம், படகு இல்லாவிட்டால் பிளேன்தானாம். கோடையில் கடற்கரைப் பாறையில் சின்ன மீனைப் பரப்பிக் காயவிடுவார்களாம். போன கிழமை அந்தக் கருவாட்டில் ஒரு காகிதச் சரை வீட்டுக்கே வந்தது. பதிலுக்கு, அவள் தங்கச்சி பேசாலையிலிருந்து அனுப்பிய கருவாடு அவனுக்குப் போனது. கருவாடு மாற்றுகிற அளவுக்கு வந்துவிட்டதா என்று அவர் உள்ளுக்குள் குமைந்தார். கட்டிய மனைவியைச் சந்தேகப்படுவது கேவலம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை.

இன்றைக்குக் காரை விட்டு இறங்கியே விட்டார். சைக்கிளை எடுக்க வெளியே வந்த மாலிக்கை மறித்து, டேனிஷில் கேட்டார்.

“என் மனைவியோடு உனக்கு நெருங்கிய பழக்கமா?”

மாலிக் அவரை நேராகப் பார்த்துப் புருவங்களைத் தூக்கினான். கிறிஸ்துநாயகம் ஓரடி பின்வாங்கினார்.

“நான் கேட்டது விளங்கியதா?”

மறுபடியும் புருவம். என்னைப் பார்த்துமா என்று அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நல்லவேளையாக அதற்குள் செலீனா ஓடி வந்து அவரை இழுத்துப்போய்க் காரில் ஏற்றினாள்.

“அவனிட்டை என்ன கதைச்சனீங்கள்?” கார் புறப்பட்டதும் கேட்டாள்.

“நான்தான் கதைச்சன். அவன் புருவத்தையெல்லோ தூக்கிறான். உமக்கும் அப்பிடித்தானே தூக்கினவன்? கண்ணாடிக்குள்ளால பாத்தனான்.”

செலீனா சீட்டில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“ஐயோ, இஞ்சேருங்கோ, அது அந்த நாட்டு ஆக்களின்ரை ஓம்! மூக்கைச் சுருக்கினால் இல்லை. அந்தக் குளிருக்கை வாய் திறக்காமலே பழகிட்டினமாக்கும். நாளைக்கும் வேலையோ எண்டு கேட்டனான், ஓம் எண்டவன். இப்ப எனக்கும் அது தொத்திட்டுது.”

அவருக்கு அப்பாடா என்றிருந்தது. தன் மடத்தனத்தை நினைத்து அவரும் சிரித்தார். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடச் சொல்லலாம் என்றுகூட நினைத்தார்.

சிவப்பு விளக்கில் நிறுத்தியபோதுதான் அவருக்கு உறைத்தது. மனைவியோடு நெருங்கிய பழக்கமா என்று கேட்டதற்கு அவன் ஓம் என்றிருக்கிறான். கேட்டது விளங்கியதா என்றதற்கும் ஓம்தான்.

“செலீனா.”

“ம்?”

“உண்மையைச் சொல்லும். அவனிலை உமக்கு விருப்பமோ?”

அவளுடைய சிரிப்பு நின்றது. வாயைத் திறக்கவில்லை. அவரையே பார்த்தாள். புருவங்கள் இரண்டும் மெல்ல மேலே போயின.

இதென்ன கேள்வி என்று கேட்கும்போதும் அவள் அப்படித்தான் தூக்குவாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் பார்த்து வருகிற புருவம்தான் அது. விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். கிறிஸ்துநாயகம் காரை எடுக்காமல், அவள் மூக்கு எப்போது சுருங்கும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.